சின்ன ஹேட்ச்பேக்கின் சஸ்பென்ஷன்: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

ஸ்விஃப்ட், ஜாஸ், ஃபிட், யாரிஸ், மாஸ்டா 2 என்று சிங்கப்பூரில் ஓடும் சின்ன ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே அமைப்புதான். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அதன் ஆட்டத்தை அடக்கும் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் உத்தரம்). எளிமையானது, மலிவானது, இடத்தை அடைக்காதது. இதை வளைவில் அழகாகப் போகவைக்க முடியும். ஆனால் எந்த வேலைக்கு அடுத்து எந்த வேலை என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங், அப்சார்பர் தொகுப்பு) வாங்கிக் காரைத் தாழ்த்துவதில் தொடங்கி, பணம் தீர்ந்தபிறகு டயரைப் பற்றி யோசிக்கிறார்கள். போக வேண்டிய வழி இதற்கு நேர்மாறு: தேய்ந்த பாகங்கள், டயர், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), அதன்பிறகுதான் அப்சார்பரும் ஸ்பிரிங்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் ஜாக்கி போட்டு ஸ்ட்ரட் கழற்ற அனுமதியில்லை. சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் ஏதாவது ஒரு வொர்க்‌ஷாப்பில்தான் வேலை நடக்கும். அதனால் கீழே வரும் படிகளை, மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்ற கண்ணோட்டத்தில் படியுங்கள்.

முதல் வேலை: கார் புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அங்கே திரும்புவது

ஏழெட்டு வருடம் ஓடிய காரில் ‘ஸ்டியரிங் தொளதொளவென்று இருக்கிறது’ என்றால் பெரும்பாலும் காரணம் ரப்பர். வாங்குபவர்கள் விளம்பரத்தில் பார்ப்பது அப்சார்பரை. உண்மையில் கிழிந்து கிடப்பது முன்பக்க லோயர் ஆர்மின் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கை) பின்புறப் புஷ், அதாவது அதன் ரப்பர் மூட்டு. பிரேக் மிதிக்கும்போது சக்கரத்தைப் பின்னால் தள்ளும் விசையைப் பெருமளவு அந்தப் புஷ்தான் தாங்குகிறது. அது கிழிந்தால் பிரேக்கில் கார் ஒருபக்கம் இழுக்கும், டயரின் உள்விளிம்பு தேயும், அலைன்மென்ட் மெஷினில் சரியாகக் காட்டிய கோணம் சாலையில் நிற்காது.

லிஃப்டில் ஏற்றியதும் பார்க்க வேண்டியவை:

- லோயர் ஆர்ம் புஷ். கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பினால் ரப்பருக்கும் உள்குழாய்க்கும் நடுவே பிளவு திறப்பது கண்ணுக்குத் தெரியும். மேலோட்டமான வெடிப்பு பரவாயில்லை. உள்ளே வரை போயிருந்தால் மாற்ற வேண்டும்.
- ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்புத் தண்டு). சின்னச் சின்ன மேடுகளில் ‘டொக் டொக்’ என்று கேட்டால் முதல் சந்தேகம் இதன்மேல். விலை குறைவு, ஜோடியாக மாற்றுங்கள்.
- டாப் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை உடலோடு பொருத்துவது), அதன் பேரிங். கார் நிற்கும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ‘டிங்’ என்று விடுபடும் சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது.
- பால் ஜாயின்ட் (ஆர்மின் சக்கரப் பக்க மூட்டு), டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனை. சக்கரத்தை மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தொளதொளப்பு கையிலேயே தெரியும்.
- அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு. லேசான ஈரப்பதம் சகஜம். கீழே வழிந்து புழுதி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது.

புஷ் மாற்றும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும், சீக்கிரமே கிழியும். போல்ட்டைக் கையால் போட்டுவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும் உயரத்துக்கு ஆர்மை ஜாக்கியால் தூக்கி, அதன்பிறகே டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இறுக்க வேண்டும்.

ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடலாமா? முன்பக்க ஆர்முக்கும் ஸ்டெபிலைசருக்கும் போடலாம், கிரீஸ் சரியாக வைத்தால். இல்லாவிட்டால் ‘கிரீச்’ சத்தம் நிச்சயம். டார்ஷன் பீமை உடலோடு சேர்க்கும் புஷ்களில் மட்டும் போடாதீர்கள். அந்த இடத்தில் ரப்பர் பல திசைகளில் வளைந்துகொடுக்க வேண்டும். கெட்டிப் பொருள் அதற்கு ஒத்துவராது.

டயரும் ரிம்மும்

வருடம் முழுக்க மழை பெய்யும் ஊர் இது. அதனால் ‘ஸ்போர்ட்’ டயர் என்றால் உலர்ந்த சாலையில் ஒட்டுவதை மட்டும் பார்க்கக்கூடாது. தண்ணீரை வெளியேற்றும் அகலமான நீளவாக்குப் பள்ளங்கள் இருக்க வேண்டும். பள்ளத்தின் ஆழத்துக்குச் சட்டப்படி குறைந்த அளவு 1.6 மி.மீ. மழையில் பிடிப்பு அதற்கு வெகு முன்பே, 3 மி.மீ. வாக்கிலேயே சரியத் தொடங்கிவிடும். டயர்ச் சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடி விலையில் கொடுத்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

அளவு விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 185/60 ஆர்15 (அகலம் 185 மி.மீ., சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம்) டயரின் விட்டம் ஏறக்குறைய 603 மி.மீ. அதே ரிம்மில் 195/55 போட்டால் 595.5 மி.மீ.; ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம், கவலையில்லை. 195/50 போட்டால் 576 மி.மீ. விட்டம் நாலரை சதவீதம் குறைந்துவிடும். வேகமானி கூடுதலாகக் காட்டும், தரையிடைவெளி 13 மி.மீ. குறையும், வளைவோ பெரிதாக முன்னேறாது. 16 அங்குலத்துக்குப் போக வேண்டுமானால் 195/50 ஆர்16 பொருத்தமான அளவு, 601 மி.மீ.

17 அங்குல ரிம் சின்னக் காரில் பார்க்க நன்றாக இருக்கும். ஓட்ட நன்றாக இருக்காது. ரிம்மின் எடை கூடினால் அப்சார்பர் கட்டுப்படுத்த வேண்டிய எடையும் கூடும். எடை குறைந்த 15 அங்குல ரிம், நல்ல டயர் என்பதே இந்த அளவுக் கார்களுக்கு எங்கள் முதல் தேர்வு.

ஆஃப்செட்டையும் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.யில்) கணக்குப் பார்த்தே வாங்குங்கள். ஐந்தரை அங்குல அகலம், ஆஃப்செட் 45 இருந்த இடத்தில் ஏழு அங்குலம், ஆஃப்செட் 38 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 38 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 7 குறைந்ததால் வெளிவிளிம்பு 26 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 12 மி.மீ. உள்ளே போகும். உள்ளே ஸ்ட்ரட்டில் உரசுமா, வெளியே மட்கார்டைத் தாண்டுமா என்று இந்த இரண்டு எண்களை வைத்து டேப்பால் அளந்து பாருங்கள். டயர் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கு இங்கே அனுமதியில்லை. ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் நடுவில் வளையம் போட்டே பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் விரைவுச்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் போகாது.

அலைன்மென்ட்: குறைந்த செலவில் பெரிய மாற்றம்

முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்தான் கேம்பர்; மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்முனை உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தொழிற்சாலை அளவில் முன் கேம்பர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்க முன் டயர் தன் வெளித்தோளில் ஏறி நிற்கும். முன்பக்கம் வளைவைவிட்டு வெளியே ஓடும். தினசரி ஓட்டும் காருக்கு முன்னால் மைனஸ் 1 முதல் மைனஸ் 1.5 டிகிரி வரை கேம்பர் கொடுத்தால் இந்தக் குறை கணிசமாகத் தீரும். மைனஸ் 2.5 என்பதெல்லாம் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு.

ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) சேர்க்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றை எடுத்துவிட்டுக் கேம்பர் போல்ட் போட்டால் இந்தக் கோணம் கிடைக்கும். எந்த போல்ட்டை மாற்றுவது, எவ்வளவு இறுக்குவது என்பது பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். அதைவிட அதிகமாக இறுக்கினால் மெல்லிய போல்ட் நீண்டுவிடும், குறைத்தால் ஒரு பெரிய குழியிலேயே கோணம் நழுவிவிடும். பெயின்ட் பேனாவால் போல்ட் தலையிலும் ஸ்ட்ரட்டிலும் ஒரே கோடாக இழுத்து வையுங்கள். நழுவினால் கோடு உடைந்து தெரியும்.

கேம்பரை மாற்றினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தானாகவே மாறும். அதனால் டோ எப்போதும் கடைசியில். மொத்தமாகப் பூஜ்யம் முதல் 1 மி.மீ. வரை உள்நோக்கி இருந்தால் போதும். வெளிநோக்கி வைத்தால் ஸ்டியரிங் சுறுசுறுப்பாகும் என்பது உண்மை. கூடவே, விரைவுச்சாலையில் கார் அலையும், உள்விளிம்பு மொட்டையாகும் என்பதும் உண்மை. கேம்பர் டயரைத் தின்கிறது என்று பழிசொல்லப்படும் பல கார்களில் உண்மையான குற்றவாளி டோதான்.

பின்பக்க டார்ஷன் பீமில் கேம்பருக்கும் டோவுக்கும் திருகு கிடையாது. ஹப்புக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துத்தான் திருத்த முடியும். ஆனால் பின் டோ இடமும் வலமும் மிகவும் வேறுபட்டால் பீம் எங்கோ அடிபட்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய காரை வாங்கியதும் அலைன்மென்ட் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குவது இதற்காகத்தான். மெஷினில் ஏற்றுவதற்கு முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், பூட்டில் மூட்டை இருக்கக்கூடாது.

தாழ்த்தினால் ஏன் சில கார்கள் இன்னும் மோசமாகின்றன

புவியீர்ப்பு மையம் தாழ்ந்தால் சாய்வு குறையும் என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மை. மெக்ஃபர்சன் அமைப்பில் லோயர் ஆர்ம் கிட்டத்தட்ட படுக்கையாக, சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்கும். உடலை 40 மி.மீ. இறக்கினால் ஆர்மின் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது ரோல் சென்டர் என்ற, உடல் எதை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்தக் கற்பனைப் புள்ளி உடலைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. உடல் சாய்வதற்கான நெம்புகோல் நீளம் இந்தப் புள்ளிக்கும் புவியீர்ப்பு மையத்துக்கும் உள்ள தூரம்தான், அது கூடுகிறது. அதாவது காரை இறக்கியபிறகு, அதே ஸ்பிரிங்காக இருந்தால், கார் முன்னைவிட அதிகம் சாயும். போதாததற்குச் சாயும்போது சக்கரம் பெறவேண்டிய கேம்பரும் குறைந்துபோகும். டை ராடின் கோணமும் மாறுவதால் மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

இதைச் சமாளிக்கத்தான் தாழ்ந்த காருக்குக் கெட்டி ஸ்பிரிங் தேவைப்படுகிறது. கெட்டி என்றால் எவ்வளவு? முன்பக்கம் ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் உடல் எடை 260 கிலோ என்று வைத்தால், ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங்கில் கார் வினாடிக்குச் சுமார் 1.4 முறை ஆடும். அதுதான் குடும்பக் காரின் சொகுசு. 3 கிலோ போட்டால் 1.7 முறை. 6 கிலோவில் 2.4. கடைகளில் சின்னக் காருக்கென்று விற்கும் காயில்ஓவர்களில் முன் ஸ்பிரிங் 5, 6 கிலோ சாதாரணம். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சாய்தளமும் பேட்டைக்குள் வரிசையாக வரும் வேகத்தடைகளும் தினமும் இருக்கும் ஊரில், 3 முதல் 4 கிலோவுக்கு மேல் போவது நீங்களே தேடிக்கொள்ளும் தண்டனை.

தாழ்த்துவது 15 முதல் 25 மி.மீ.க்குள் இருந்தால் மேலே சொன்ன கோணச் சிக்கல்கள் பெரிதாகத் தலைகாட்டாது. பள்ளி விடுமுறையில் ஐந்து பேர், பெட்டிகள், எல்லை தாண்டக் கட்டாயமான முக்கால் டாங்க் பெட்ரோல் எல்லாம் சேர்ந்தபிறகும் பின்சக்கரம் மட்கார்டில் உரசக்கூடாது. அளவு அதுதான்.

எதை வாங்குவது

மூன்று வழிகள் உண்டு. உயரம் மாற வேண்டாம், இறுக்கம் மட்டும் வேண்டும் என்றால் கயாபாவின் நியூ எஸ்ஆர் ஸ்பெஷல், பில்ஸ்டைன் பி6 போன்ற அப்சார்பர்கள், பழைய ஸ்பிரிங்கோடு. தினசரி ஓட்டும் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதுவே போதும். கொஞ்சம் தாழவும் வேண்டும் என்றால் 20 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங், அதற்கேற்ற குட்டையான அப்சார்பர். பழைய அப்சார்பரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதுதான் மலிவான வழி, சீக்கிரம் அப்சார்பரைக் கொல்லும் வழியும் அதுவே: தண்டு எப்போதும் உள்ளே அமுங்கிய நிலையில் வேலை செய்து பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டிக்கொண்டே இருக்கும். மூன்றாவது காயில்ஓவர். டெய்ன், எச்கேஎஸ், பிசி ரேசிங் என்று பல உண்டு. வாங்கும்போது தனித்தனியாகச் சீரமைக்க, உதிரிபாகம் வாங்க இங்கே வழியிருக்கிறதா என்று கேளுங்கள். உயரத்தைக் கீழ்ப் பிராக்கெட்டால் மாற்றும் வகையை எடுங்கள். ஸ்பிரிங் தட்டை இறக்கி உயரம் குறைக்கும் வகையில் அப்சார்பரின் பயணதூரம் திருடப்படுகிறது.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தும் யோசனையை யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையைவிட்டு விலகும்.

பொருத்தும் நாள்

அப்சார்பரோடு சேர்த்து வாங்க வேண்டியவை: முன் டாப் மவுன்ட் இரண்டு, பேரிங் இரண்டு, பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் நான்கு, ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டு, ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படுத்தக்கூடாத லாக் நட்டுகள். கூலி ஒரே தடவைதான். பழைய டாப் மவுன்ட்டை மிச்சம் பிடித்தால் இரண்டாவது தடவை கொடுப்பீர்கள்.

1. காரைத் தூக்குமுன் நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று அளவைக் கெடுக்கும்.
2. முன் ஸ்ட்ரட்டிலிருந்து பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் கிளிப்புகளைக் கழற்றுங்கள். வயரை இழுக்காதீர்கள், சென்சார் போனால் அதற்குத் தனிச் செலவு.
3. ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றி, நக்கிளை மேலே ஒரு கம்பியால் கட்டியபிறகே ஸ்ட்ரட்டின் இரண்டு போல்ட்டையும் எடுங்கள். கட்டாமல் எடுத்தால் நக்கிள் வெளியே சாய்ந்து டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டை இழுத்துவிடும்.
4. மேலே பல கார்களில் மூன்று நட்டுகள். ஸ்ட்ரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி நட்டை எடுக்க வேண்டும். நடுநட்டை இப்போது தொடவே கூடாது: ஸ்பிரிங் அமுக்கப்படாத நிலையில் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து முகத்தைப் பெயர்த்துவிடும்.
5. ஸ்பிரிங் கம்ப்ரெசரில் அமுக்கி, நடுநட்டைக் கழற்றி, புதியதைச் சேருங்கள். ஸ்பிரிங்கின் கீழ்முனை தட்டிலுள்ள படியில் சரியாக முட்டி உட்கார வேண்டும். தண்டை ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு கையால் இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். தண்டு சுற்றினால் உள் சீல் அடிவாங்கும்.
6. பின்பக்கம் பெரும்பாலான கார்களில் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் தனித்தனி. பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இருபக்க அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டையும் எடுத்து, பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். மேல்நட்டு பல கார்களில் பூட்டின் உள்பேனலுக்குப் பின்னால் இருக்கும்.
7. ரப்பர் உள்ள எல்லா போல்ட்டும், பின் அப்சார்பரின் கீழ்ப் போல்ட் உட்பட, சக்கரம் சுமையேறிய உயரத்தில்தான் முழுதாக இறுக்கப்பட வேண்டும். அளவுக்கு அந்தந்தக் காரின் வொர்க்‌ஷாப் கையேடு. சக்கர நட்டும் அப்படியே. ஜாஸுக்கு 108 நியூட்டன் மீட்டர்.

முடித்தபிறகு மறுபடி அளவெடுங்கள். இடம் வலம் வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருக்கலாம். இருநூறு கிலோமீட்டர்போல ஓட்டி ஸ்பிரிங் படிந்தபிறகு எல்லா நட்டையும் சரிபார்த்து, அதன்பிறகே அலைன்மென்ட். அன்றைக்கே செய்தால் காசு வீண்.

காயில்ஓவரைச் சரிசெய்வது

பிரீலோட் (சுமையில்லாதபோதே ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் அளவு) கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகாது. அது கார் உட்காரும் உயரத்தையும் மேல்கீழ்ப் பயணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதையும்தான் மாற்றும். ஸ்பிரிங் ஆடாமல் பிடிக்கும் அளவுக்குத் தட்டைத் திருகி, அதற்குமேல் 5 மி.மீ.க்குள் நிறுத்துங்கள்.

அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் குமிழில் கிளிக் எண்ணுவது முழுக் கெட்டியிலிருந்து மென்மை நோக்கி; நடுவில் தொடங்குங்கள். எப்போதும் போகும் ஒரே சாலையில், ஒரு தடவைக்கு இரண்டு கிளிக், முன் அல்லது பின் ஏதாவது ஒன்றை மட்டும். மேட்டைத் தாண்டியபிறகு உடல் ஒரு தடவைக்குமேல் ஆடினால் கெட்டியாக்கலாம். சாலை இணைப்புகளில் சக்கரம் தத்தித் தத்திப் போனால் மென்மையாக்க வேண்டும். மழையில் எப்போதும் இரண்டு கிளிக் மென்மை நல்லது.

முன் அப்சார்பரின் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றிக் கட்டி, அப்சார்பர் உடலோடு ஒட்டி விடுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் தூசி உறையைத் தூக்கிப் பார்த்தால், டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று தெரியும். பம்ப் ஸ்டாப்வரை போயிருந்தால் காரை உயர்த்த வேண்டும். வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப் முட்டினால் அந்த மூலை திடீரென்று கல்லாகி, முன்பக்கம் பிடிப்பை இழக்கும். டயர்மேல் பழிபோடும் பலருக்கு இது தெரிவதில்லை.

பின் ஸ்டெபிலைசர் பாரும் ஸ்ட்ரட் பாரும்

டார்ஷன் பீம் தானே ஒரு ஸ்டெபிலைசர்போல முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் கூடுதல் பார் போட்டால் பின்பக்கம் கெட்டியாகி, முன் உள்சக்கரம் தரையை நன்றாகப் பிடிக்கும்; கார் வளைவுக்குள் ஆர்வமாகத் திரும்பும். இழப்பு மழையில்தான். விரைவுச்சாலையைவிட்டு இறங்கும் ஈரமான சுற்றுவளைவில் பாதி வழியில் ஆக்சலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கும். அதனால் மெல்லிய பார், பின் டயர் எப்போதும் முன்னதைப் போலவே நல்ல நிலையில். தேய்ந்த டயரைப் பின்னால் போடுபவர் இந்தப் பாரை வாங்கவே கூடாது. ஸ்ட்ரட் பார் பானட்டைத் திறந்தால் பளபளக்கும். இப்போதைய ஹேட்ச்பேக்கில் அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

சோதனையும் காப்புறுதியும்

வாங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வாகன மாற்றங்கள் பகுதியைப் படியுங்கள். எதற்கு அனுமதி தேவையில்லை, எதற்குத் தேவை, எது கூடாது என்று தனித்தனியாக இருக்கும். மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை இரண்டு வருடத்துக்கொருமுறை, அதற்குமேல் வருடாவருடம் கட்டாயச் சோதனை. அங்கே அடிப்பாகத்தையும் சக்கர அலைன்மென்ட்டையும் பார்ப்பார்கள். கசியும் அப்சார்பரும் கிழிந்த புஷ்ஷும் தப்பாது.

மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங், ஸ்ட்ரட், போல்ட் எல்லாவற்றிலும் இடம் வலம் குறித்து ஒரு பெட்டியில் வையுங்கள். காரை விற்கும்போதும், சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்து திருப்பிக் கொடுக்கும்போதும் அந்தப் பாகங்களைத் திரும்பப் போட்டுவிட்டு, காயில்ஓவரைத் தனியாக விற்றுக்கொள்ளலாம்.